உலகம்மாளின் களைப்பு

உலகம்மாள் ஓடினால் அவளுக்குக் களைக்காது, அவளுக்குத் தண்ணீர் கொடுத்தவருக்குத்தான் களைக்கும் என்பதை எங்கள் முள்ளோடைப்பட்டி முதன்முதலில் கண்டுகொண்டது பள்ளிக்கூட விளையாட்டு விழா அன்றைக்கு. சத்துணவு சமைக்கிற செல்லக்கனி, வெயிலில் நின்ற பிள்ளையைப் பார்த்துப் பாவப்பட்டு, ஒரு செம்புத் தண்ணீரை அவள் ஏந்திய கையில் ஊற்றிவிட்டு உலைப்பானைக்குத் திரும்பினாள். மைதானத்தில் துப்பாக்கி வெடித்து பிள்ளைகள் ஓடத் தொடங்க, இங்கே அரிசி களைந்துகொண்டிருந்த செல்லக்கனிக்கு மூச்சு இரைத்து, விலா பிடித்து, தொடை நடுங்கி, ஓட்டம் முடிந்த நேரத்தில் அவள் அடுப்புக்கு முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, "யாரோ என்னய முள்ளுக்காட்டுல வெரட்டிக்கிட்டே வந்த மாதிரி இருக்கு தாயே" என்று அரற்றினாள். உலகம்மாளோ முதல் ஆளாக வந்து, பரிசாகக் கொடுத்த எவர்சில்வர் தட்டை வாங்கிக்கொண்டு, நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லாமல் வரிசையில் போய் நின்றாள். அன்றைக்குச் சோறு குழைந்துவிட்டது என்பதுதான் ஊருக்குப் பெரிய பேச்சாக இருந்தது.

எங்கள் ஊர்க்காரர்கள் எதற்கும் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. தெருவின் ஒரு பக்கம் மழை கொட்டும்போது மறுபக்கத்தில் மிளகாய் வற்றல் காயப் போடுகிறவர்கள். இது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை; இதை எப்படிப் புழங்குவது என்றுதான் கேட்டார்கள். பார்த்துப் பார்த்து விதிகளைக் கண்டுபிடித்தார்கள். ஊரை விட்டுக் கிளம்புகிறபோது கடைசியாக எந்தக் கை அவளுக்குக் கொடுத்ததோ அந்தக் கைக்குரியவருக்குத்தான் களைப்பு போகும். வெளியூர்த் தண்ணீர் கணக்கில் வராது. தானே மொண்டு குடித்தாலும் கணக்கில் வராது, முன்பு கொடுத்தவருக்கே போய்ச் சேரும். யாரும் கொடுக்காமல் அவள் ஓடிய ஓட்டமே கிடையாது, ஏனென்றால் யார் கையிலும் எதுவும் வாங்காமல் எந்தப் பெண்ணும் ஒரு வீட்டில் வளர்ந்துவிட முடியாது.

ஆரம்பத்தில் தண்ணீர் கொடுக்க இளவட்டங்கள் போட்டி போட்டார்கள். மாவட்டப் பந்தயம், மாநிலப் பந்தயம் என்று உலகம்மாள் போகப் போக, இவர்கள் வேப்பமரத்தடியில் பாய் விரித்துப் படுத்து, அவள் ஓடுகிற நேரத்துக்கு மூச்சு வாங்கி, முடிந்ததும் நல்லெண்ணெய் தேய்த்துக் காலைப் பிடித்துவிடச் சொல்லி, "திருச்சி ஓட்டம் ஒரு நாள் பருத்தி எடுத்த மாதிரிதான்டே, டெல்லி ஓட்டம்தான் ஆளக் கொன்னுருச்சு" என்று டீக்கடையில் அளந்தார்கள். அவள் பரிசு வாங்குகிற படத்தைப் பேப்பரில் பார்த்து, "ஓடுனது நானு, மால அவளுக்கா" என்று கேலி பேசினார்கள். அந்தக் கேலியில் கொஞ்சம் நிஜமும் இருந்தது, அதனால்தான் பிற்பாடு யார் கொடுப்பது என்று சண்டை வந்தது.

சண்டை வந்ததும் கோயில் தலைவர் அழகுத்துரை கூட்டம் போட்டார். மாரியம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒவ்வொரு நாளையும் ஒவ்வொரு வகையறா ஏற்று நடத்துவதை மண்டகப்படி என்போம். இன்ன நாள் இன்னார் மண்டகப்படி என்று இருந்தால் இருந்ததுதான், சாமியே வந்து கேட்டாலும் மாற்ற முடியாது, ஒருவர் முறை முடியாமல் அடுத்தவர் முறை தொடங்கவும் கூடாது. அதே மாதிரி உலகம்மாளின் ஓட்டத்துக்கும் முறை வைத்தார்கள். முறைக்காரர் குளித்து, புது வேட்டி கட்டி, கோயில் முன்னால் செம்பில் தண்ணீர் கொடுப்பார். அழகுத்துரை அவர் தலையில் பரிவட்டம் கட்டுவார். மைக்செட்டில் பெயர் சொல்வார்கள். மேளம் ஒரு சுற்று அடித்து ஓயும். பெரிய பந்தயத்துக்குப் பெரிய மரியாதை. ஊர் என்றால் அப்படித்தான், எந்தச் சுமையையும் மரியாதையாக மாற்றிவிட்டால் தூக்குவதற்கு ஆள் தானாக வரும்.

உலகம்மாள் அப்படியே வளர்ந்தாள். ரயில்வேயில் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைத்தது. பயிற்சியாளர்கள் அவள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தங்கள் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். டாக்டர்கள் ரத்தத்தையும் மூத்திரத்தையும் புட்டிப் புட்டியாக வாங்கி ஆராய்ந்தார்கள், அதில் முள்ளோடைப்பட்டியின் உப்புத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. மற்றவர்களுக்குத் தூக்கம் எப்படியோ அப்படி அவளுக்கு ஓட்டம். அதில் வலி இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. மற்றவர்கள் கோட்டைத் தாண்டியதும் விழுந்து கிடப்பதை அவள் ஏதோ அந்த ஊர்க்காரர்களின் பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அவள் புண்ணியத்தில் எங்களுக்குத் தார்ச்சாலை வந்தது, பேருந்து வந்தது, வராதிருந்த அதிகாரிகள் எல்லாம் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சாவு, அவள் முதன்முதலில் கடல் தாண்டிப் போய் ஓடிய பந்தயத்தின்போது நடந்தது. முறை சங்கரபாண்டித் தாத்தாவுடையது. "ஒமக்கு எதுக்குவே, மகன் எடுத்துக்கிடட்டும்" என்று எல்லாரும் சொன்னதற்கு, "மண்டகப்படி எம்பேருக்குள்ளது, பரிவட்டம் எந்தலைக்குள்ளது" என்று பிடிவாதம் பிடித்து அவரே தண்ணீர் கொடுத்தார். அவள் அங்கே கோட்டைத் தாண்ட, இவர் இங்கே வேர்வையில் நனைந்து, கால்கள் கட்டிலில் ஓடி ஓடி நின்று, மூச்சு அடங்கினார். வீட்டார் அழுதார்கள். சாயங்காலம் உலகம்மாள் ஜெயித்த செய்தி வந்தபோது, அழுகையை நிறுத்துவதா வெடி போடுவதா என்று கொஞ்சம் குழம்பி, பிறகு இரண்டையும் செய்தார்கள். "நல்ல சாவு. கெடையில கெடக்காம, ஓட்டத்தோட போயிட்டாரு" என்றாள் ஒருத்தி. அந்தச் சொல் அங்கேயே விழுந்து கிடந்து, ராத்திரியோடு ராத்திரியாக வீட்டுக்கு வீடு முளைத்துவிட்டது.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வெளியே பேசமாட்டோம். வருஷக்கணக்கில் படுக்கையில் கிடந்து, போகவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் இழுத்துக்கொண்டிருக்கும் வயசாளிகளுக்கு, ஒரு நாள் விடிய எழுப்பி, தலை நிறைய எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துப் படுக்கவைப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று நாளில் ஜன்னி கண்டு காரியம் முடியும். போலீசுக்கும் பேப்பர்காரர்களுக்கும் பயந்து அதை விட்டிருந்தார்கள். உலகம்மாள் ஓட்டத்தில் பாவமும் இல்லை, போலீசும் இல்லை. நடுங்குகிற கையில் செம்பைக் கொடுத்து, பின்னால் நின்று இரண்டு பேர் முழங்கையைத் தாங்கிக்கொண்டால் போதும், கொடுத்தது அவர் கைதானே. அதன் பிறகு எந்த இளவட்டமும் முறை கேட்கவில்லை. எந்த வீட்டில் இருமல் சத்தம் அதிகமோ அந்த வீட்டுக்காரர்கள் அழகுத்துரையின் வாசலில் நின்று, அடுத்த ஓட்டம் எத்தனை நீளம் என்று விசாரித்தார்கள். சின்ன ஓட்டம் என்றால் முகம் வாடித் திரும்பினார்கள்.

உலகம்மாளுக்கு யாரும் சொல்லவில்லை. சாவு நடக்கிற நேரம் அவள் ஊரில் இருப்பதில்லை. பதக்கத்தோடு வரும்போது காரியமெல்லாம் முடிந்து, கட்டிலைக் கழுவி வெயிலில் சாய்த்து வைத்திருப்பார்கள். ஆனால் தண்ணீர் கொடுக்கிற கைகள் வருஷத்துக்கு வருஷம் மூத்துக்கொண்டே போவதை அவள் கவனித்தாள். அண்ணன் கனகமணியிடம் கேட்டாள்.

"ஏண்ணே, எல்லாம் வயசானவங்களாவே வாராங்க?"

"மரியாததான்ட்டி. பெரியவங்க கையால வாங்குனா நல்லதுதான."

"போன தடவ குடுத்த குருவம்மாச் சித்தியக் காணுமே?"

கனகமணி மாட்டுக்குத் தவிடு கலக்கப் போய்விட்டான். அவன் போன வேகத்திலேயே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அடுத்த பந்தயத்துக்கு யாரிடமும் செம்புத் தண்ணீர் வாங்காமல், மேளக்காரர்கள் வருவதற்கு முன்பே விடியற்காலைப் பேருந்தில் ஏறிவிட்டாள். ஆனால் கிளம்பும் முன் அவள் அண்ணி மகராசி, நிறைமாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிற வயிற்றோடு, ஒரு தம்ளர் காப்பி கொடுத்திருந்தாள், அதுவும் கணக்கில் வரும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. உலகம்மாள் ஜெயித்தாள். மகராசி அடுப்படியில் விழுந்தாள். பிள்ளை காலத்துக்கு முன்னே பிறந்து, ஒரு கையளவாக, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, எப்படியோ பிழைத்தது. உலகம்மாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணியின் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மகராசி காலை இழுத்துக்கொள்ளவில்லை, ஆனால் அன்றிலிருந்து அவளுக்கு எதைக் கொடுத்தாலும் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ளப் பழகினாள்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தப் பெரிய ஓட்டம் வந்தது. நாட்டுக்காக, வெளிநாட்டு நகரம் ஒன்றில், மாரத்தான். அதுவரை அத்தனை நீளத்தை அவள் ஓடியதில்லை, ஊரும் சுமந்ததில்லை. கிளம்புகிற அன்று காலையில் மகராசி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இட்லித் தட்டை நேராக அவள் கையிலேயே கொடுத்தாள். உலகம்மாள் அதை அன்பு என்று நினைத்து, நெஞ்சு கரைந்து, கணக்கை மறந்து வாங்கித் தின்றாள்.

கோயில் முன்னால் வேன் நின்றது. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. கூட்டம் விலகியபோது நடுவில் நாற்காலியில் அவள் அப்பா இருளப்பனை உட்கார வைத்திருந்தார்கள். வாதம் அடித்து, பேச்சு பாதியும் உடம்பு பாதியும் போய், நாலைந்து வருஷமாகப் பாயோடு கிடந்தவரைக் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டி, முதுகுப் புண் தெரியாமல் துண்டு போர்த்தி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தார்கள். கனகமணி அவர் வலது கையைச் செம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

உலகம்மாள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றாள். "எங்க அப்பாவயா?" என்றாள்.

அழகுத்துரை சாந்தமாகச் சொன்னார். "ஒங்க வீட்டு முறைதாம்மா. ஓடுத வீடுன்னு இத்தன வருசம் விட்டு வச்சிருந்தோம். மத்த வீட்டுல எல்லாம் குடுத்தாச்சு. நம்ம வீடுன்னா மட்டும் கசக்குமா?"

"நான் குடிக்க மாட்டேன் பெரியப்பா."

"குடிக்காண்டாம். காலைல ஒங்க மைனி கையால இட்லி வாங்கித் தின்னியாமே."

அவள் திரும்பிப் பார்த்தாள். மகராசி பிள்ளையைத் தோளில் சாய்த்து அதன் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப நான் போகல. ஓடல."

மேளம் நின்றது. வேன் டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுத்தான். அத்தனை கூட்டத்திலும் ஒருவரும் அவளை அதட்டவில்லை, கெஞ்சவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றார்கள், கொடுத்த அத்தனை வீட்டுக்காரர்களும், இனிக் கொடுக்க வேண்டிய அத்தனை வீட்டுக்காரர்களும். அப்போது இருளப்பன், மாசக்கணக்கில் வார்த்தை வராத அந்த வாயைக் கோணிக்கொண்டு, "குடி... ட்டி" என்றார். கனகமணி பிடித்திருந்தது போக, மிச்சமிருந்த தன் பலத்தில் செம்பை ஒரு விரற்கடை அவரே உயர்த்தியதை எல்லாரும் பார்த்தோம். உலகம்மாள் மண்டியிட்டுக் குடித்தாள். தண்ணீரில் பாதி அவள் கழுத்தில் வழிந்தது. அழகுத்துரை பரிவட்டம் கட்ட, அது பெரிதாக இருந்ததால் இருளப்பனின் கண்ணை மறைத்தது.

கொஞ்ச தூரம் ஓடி நின்றுவிடலாம் என்று நினைத்துத்தான் போனாள். அதைப் பின்னால் அவளே சொன்னாள். ஆனால் களைப்பே தெரியாத கால்களுக்கு எங்கே நிற்பது என்று எப்படித் தெரியும்?

பந்தயத்தன்று கோயில் முன்னால் பந்தல் போட்டு, டி.வி. வைத்து, அதன் பக்கத்தில் இருளப்பனின் கட்டிலைப் போட்டார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள், சம்பந்தக்காரர்கள் எல்லாம் முதல் நாளே வந்து இறங்கியிருந்தார்கள். ஊருக்கு வெளியே குழி வெட்டுகிறவர்கள் மண்வெட்டிக்குக் காம்பு மாற்றிக்கொண்டிருந்தார்கள். சங்கு ஊதுகிறவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து, யாரோ கொடுத்த சுக்குக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தார். துப்பாக்கி வெடித்தது. உலகம்மாள் ஓடினாள். ஊர் டி.வி.யை ஒரு கண்ணாலும் கட்டிலை ஒரு கண்ணாலும் பார்த்தது. அவள் பாலம் தாண்டினாள், இவருக்கு வேர்த்தது. அவள் மேடு ஏறினாள், இவருக்கு இரைத்தது. அவள் ஒவ்வொருத்தியாகப் பின்னுக்குத் தள்ளி முன்னே வந்தாள், நாலைந்து வருஷமாக அசையாத இவருடைய இடது கால் பாயின் மேல் ஓடத் தொடங்கியது. கனகமணி ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அவன் அழுதுகொண்டும் இருந்தான், அதையும் சொல்ல வேண்டும்.

எப்போதும் முன்னால் ஓடுகிறவளுக்குப் பின்னால் வருகிறவர்களின் முகம் தெரிவதில்லை. அன்றைக்கு ஏதோ ஒரு தேசத்துக்காரி, மெலிந்த கறுத்த பெண், விடாமல் அவள் தோளோடு தோளாக வந்தாள். கடைசித் திருப்பம் தாண்டிய நேரத்தில் உலகம்மாள் ஒரு தடவை திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். வாய் ஒரு பக்கம் கோணி, கண் செருகி, உதடு உப்புப் பூத்து, உள்ளே இருக்கிற ஏதோ ஒன்று வெளியே போக வழி தேடுகிற முகம். களைப்பு என்றால் இதுதான் என்று உலகம்மாள் அப்போதுதான் முதன்முதலாகக் கண்டாள். அது அப்படியே அப்பாவின் முகமாகத் தெரிந்தது.

அவள் நின்றுவிட்டாள்.

சறுக்கவில்லை, விழவில்லை, நடுரோட்டில் நின்றாள். முடிவுக் கோடு அங்கிருந்து கூப்பிடு தூரம். மற்றவர்கள் அவளைக் கடந்து ஓடினார்கள். டி.வி.யில் பேசிக்கொண்டிருந்தவன் தொண்டை கிழியக் கத்தினான். எங்கள் பந்தலில் எங்கிருந்தோ ஒரு குரல், "ஓடு" என்றது. இன்னொரு குரல், "ஓடுட்டி" என்றது. அப்புறம் ஆணும் பெண்ணும் பிள்ளைகளும் எழுந்து நின்று, கையைத் தூக்கி, கைதட்டி, "ஓடு, ஓடு, ஓடு" என்று ஊரே ஒரே வாயாகக் கத்தியது. அது ஜெயிப்பதற்காகக் கத்தியதா, முடிப்பதற்காகக் கத்தியதா என்று கேட்டால், கத்திய எங்களுக்கே சொல்லத் தெரியாது. அந்தச் சத்தத்துக்கு நடுவில் இருளப்பன் கண்ணைத் திறந்து, டி.வி.யில் குனிந்து நிற்கிற மகளைப் பார்த்து, மூச்சுக்கு மூச்சு ஒரு சொல்லாக, "இன்னும்... கொஞ்சந்தான... இருக்கு" என்றார். அவள் அசையவில்லை, சாவும் விழவில்லை; வந்திருந்த சொந்தக்காரர்களுக்கு அன்று ராத்திரி சோறு வடித்துப் போட வேண்டியதாயிற்று.

இப்போது உலகம்மாள் ஊரோடு வந்துவிட்டாள். வேலையை விட்டுவிட்டாள் என்கிறார்கள், நீக்கிவிட்டார்கள் என்றும் சொல்கிறார்கள். இருளப்பன் இருக்கிறார். ஓட்டத்தின் களைப்பு கிட்டத்தட்ட முழுக்க அவருக்குள் இறங்கி, மிச்சம் வராமல், போகவும் வழியில்லாமல் நிற்கிறது, தூங்கினாலும் தெளியவில்லை. உலகம்மாள் யார் கையிலும் எதுவும் வாங்குவதில்லை. தானே இறைத்து, தானே பொங்கித் தின்கிறாள். ஓர் எட்டு ஓடினாலும் அது அப்பாவுக்கே போய்ச் சேரும் என்பதால், மழை கொட்டினாலும் நடந்துதான் வருகிறாள், நாய் துரத்தினால் நின்றுவிடுகிறாள், பேருந்து உறுமிக்கொண்டு கிளம்பினாலும் எட்டி நடை போடுவதில்லை. அண்ணன் பிள்ளை ஒரு நாள் தளிர்நடையில் லாரி வருகிற சாலைக்கு இறங்கியபோது, இருந்த இடத்திலிருந்து அலறினாளே தவிர ஓடவில்லை. வேறு யாரோ பாய்ந்து தூக்கினார்கள்.

முறை முடியாமல் அடுத்த முறை வைக்கக் கூடாது என்பதால் ஊரில் பல வீடுகள் காத்திருக்கின்றன. யாரும் சண்டைக்கு வருவதில்லை. அவள் தெருவில் நடக்கும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கிறார்கள். வாசலில் உட்கார்ந்திருக்கிற வயசாளிகளும் அவள் காலைத்தான் பார்க்கிறார்கள், அதில் பயம் எவ்வளவு, ஆசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அழகுத்துரை கோயிலில் பரிவட்டத் துணியைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறார்.

பொழுது இறங்கினால் உலகம்மாள் அப்பாவின் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவர் கெண்டைக்காலைப் பிடித்துவிடுகிறாள். அவர் தினமும் ஒன்றையே கேட்கிறார், கோணிய வாயால், அவளுக்கு மட்டும் புரிகிற மாதிரி.

"இன்னும்... எவ்வளவு தூரம்... இருக்கு தாயி?"

முடிவுக் கோட்டின் வெள்ளையையும், அதில் யாரோ சிந்திய தண்ணீர் ஈரத்தையும்கூட அவள் நின்ற இடத்திலிருந்து கண்ணால் பார்த்தவள். காலைப் பிடிப்பதை நிறுத்தாமல், அவர் முகத்தைப் பார்க்காமல், பதில் சொல்கிறாள்.

"நெறைய இருக்குப்பா. இன்னும் பாதிகூட வரல."